பத்துத் தளங்கள், ஒரே அளவுகோல்: திரட்டிகள் எப்படி வேலை செய்கின்றன

கர்நாடக அணைகள் நிரம்பிக் காவிரியில் வெள்ளம் வரத் தொடங்கிவிட்டால், சேலம் மாவட்டத்தில் தேநீர்க் கடை முதல் ஆட்சியர் அலுவலகம் வரை ஒரே பேச்சுதான்: மேட்டூரில் இன்று எத்தனை அடி? கைபேசியில் தேடினால் நொடியில் பத்துத் தளங்கள் வந்து நிற்கும். பத்திலும் ஒரே எண். பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "இத்தனை இடத்தில் போட்டிருக்கிறார்களே, தவறாகவா இருக்கும்?"

எண் சரிதான். அதை நம்புவதற்கு அவர் சொல்லும் காரணம்தான் சரியில்லை. பத்துத் தளங்களும் ஆளுக்கொருவரை அனுப்பி அணையை அளக்கவில்லை. 120 அடி முழு நீர்மட்டம் கொண்ட மேட்டூர் அணையில் நீர்வளத் துறையினர் அளக்கிறார்கள். காலை 8 மணி நிலவரம் என்று அறிவிக்கிறார்கள். மற்றவை எல்லாம் அந்த ஓர் அறிவிப்பின் நகல்கள். மேட்டூர் விஷயத்தில் இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, அளக்க வேண்டியவர்களே அளந்திருக்கிறார்கள். ஆனால் இதே வாதத்தை வதந்திக்கும் மருந்துக்கும் நில விலைக்கும் சாலை நிலவரத்துக்கும் கூசாமல் நீட்டிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பொருளைப் பற்றிப் பல இடங்களில் கிடக்கும் தகவலை எடுத்து ஒரே இடத்தில் காட்டும் கருவிக்குத் திரட்டி என்று பெயர். செய்திகளைத் தொகுக்கும் செயலி, விடுதி அறைகளின் வாடகையை ஒப்பிடும் தளம், சந்தை விலை காட்டும் பக்கம் எல்லாம் இந்த வகை. "கூகுள் சொல்கிறது", "செயலியில் வந்திருக்கிறது" என்று நாம் பேசும்போது, திரட்டியவரைச் சொன்னவராக ஆக்கிவிடுகிறோம்.

மண்டியில் என்ன நடக்கிறது?

கோடையில் வரகம்பாடி, குப்பனூர், அயோத்தியாப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து மாம்பழம் சேலத்து மண்டிகளில் வந்து இறங்குகிறது. மண்டிக்காரர் ஒரு மரம்கூட நட்டவராக இருக்க வேண்டியதில்லை. சரக்கை வரவழைக்கிறார், மல்கோவா தனி, இமாம்பசந்த் தனி, குண்டு தனி என்று பிரிக்கிறார், வாங்க வருபவர் கண்ணில் படும்படி அடுக்குகிறார். பழம் புளித்தால் குறை தோப்பில் இருக்கலாம், பழுக்கவைத்த இடத்தில் இருக்கலாம். கூடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் யாரையும் கேட்க முடியும்.

திரட்டி செய்வதும் இதே மூன்று வேலைதான். ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிந்துபோகிறது, நாம் கவனிக்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான். ஒரு மாம்பழம் ஒரே நேரத்தில் இரண்டு மண்டிகளில் இருக்க முடியாது. பத்துக் கூடை வந்தால் பத்துக் கூடைப் பழம் விளைந்திருக்கிறது என்று பொருள். தகவல் அப்படியல்ல. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் எடுத்துப் போட்டால் திரையில் பத்து வரும். விளைந்தது ஒன்றுதான்.

இதுவரை: திரட்டி தகவலை உண்டாக்குவதில்லை, வரவழைக்கிறது, பிரிக்கிறது, அடுக்குகிறது. அது காட்டும் எண்ணிக்கை இடங்களின் எண்ணிக்கை. சாட்சிகளின் எண்ணிக்கை அல்ல.

சரக்கு வந்து சேரும் வழிகள்

எல்லாவற்றிலும் ஒழுங்கான வழி செய்தியோடை. ஒரு தளம் தன்னுடைய புதிய பக்கங்களின் தலைப்பு, முகவரி, வெளியான நேரம், சிறு சுருக்கம் ஆகியவற்றை இயந்திரம் படிக்கக்கூடிய கோப்பாக எழுதி வைத்திருக்கும். அந்தக் கோப்புதான் ஓடை. திரட்டி அவ்வப்போது அதைத் திறந்து பார்க்கும். போன முறை இல்லாத வரி இருந்தால் எடுத்துக்கொள்ளும். இதில் மாயம் எதுவும் இல்லை.

இதற்கான ஆர்.எஸ்.எஸ். என்ற வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. (நாக்பூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குகா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2002 செப்டம்பரில் வெளிவந்த கூகுள் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பரத்தும் அங்கேயே படித்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஒரே நிகழ்வைப் பல நாட்டுச் செய்தித்தாள்கள் எப்படி எழுதுகின்றன என்று ஒருசேரப் பார்க்க நினைத்ததிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஆக, திரட்டியின் தொடக்க நோக்கம் ஒரே விஷயத்தைப் பல கோணங்களில் பார்ப்பது. பல இடத்தில் வந்ததால் அது உண்மை என்று நிறுவுவது அல்ல. ஓடைகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. ஓடைகள் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது வழி ஏ.பி.ஐ. ஒரு நிறுவனம் தன் தரவுக் கிடங்கிலிருந்து மற்ற மென்பொருள்கள் கேட்டு வாங்கிக்கொள்ளத் திறந்துவைக்கும் சாளரம் அது. மத்திய அரசின் அக்மார்க்நெட் 2000 முதல் நாடெங்கும் உள்ள வேளாண் சந்தைகளின் விலையைத் தொகுக்கிறது. அந்த விலைகள் அரசின் திறந்த தரவுத் தளத்தில் இப்படியொரு சாளரம் வழியாகவும் கிடைக்கின்றன. நான்கு விவசாயச் செயலிகளில் தக்காளிக்கு ஒரே விலை தெரிந்தால் வியக்க வேண்டாம். நான்கும் ஒரே சாளரத்தில் கை நீட்டியிருக்கலாம்.

ஓடையும் இல்லை, சாளரமும் இல்லை என்றால் பக்கத்தைச் சுரண்டி எடுப்பார்கள். மனிதர் கண்ணால் பார்க்கும் பக்கத்தையே மென்பொருள் திறந்து, தலைப்பு இங்கே இருக்கும், விலை இங்கே இருக்கும் என்று ஊகித்துப் பிய்த்தெடுக்கும். தளத்தின் அமைப்பை யாராவது மாற்றிவிட்டால், விலை இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பக்கங்களைத் தொட வேண்டாம் என்று தளத்தார் எழுதிவைக்கும் ரோபாட்ஸ் கோப்பு 1994 முதல் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒரு வேண்டுகோள்தான். மதிக்காமல் போகிறவரை அது தடுக்காது.

நான்காவதாக, நாமே அனுப்புகிறோம். வரைபடச் செயலியில் சாலை சிவப்பாகத் தெரிவது, அந்தச் சாலையில் இருக்கும் கைபேசிகள் நகரும் வேகத்தை வைத்து. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். அனுப்பும் கைபேசி குறைந்தால் வரைபடத்துக்குத் தெரிவதும் குறையும். நெரிசல் காட்டவில்லை என்பதால் நெரிசல் இல்லை என்று ஆகாது.

இதுவரை: ஓடை, சாளரம், சுரண்டல், நம் கைபேசிகள். எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து எங்கே பிசகலாம் என்பதும் மாறுகிறது.

எந்த சேலம்?

வந்து குவிந்ததைப் பிரிப்பதுதான் கடினமான வேலை. நம் ஊர்க்காரர்கள் இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சொல் இணையத்தில் புதிதாக எங்கே வந்தாலும் மின்னஞ்சலில் தெரிவிக்கும் சேவைகள் உண்டு. அதில் சேலம் என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான். அந்த மாநிலச் சட்டமன்றச் செய்திகள் எல்லாம் உங்கள் பெட்டிக்கு வரும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னொரு சேலம் இருக்கிறது. 1692 இல் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டி மனிதர்களைத் தூக்கிலிட்ட ஊர். இன்று அக்டோபர் மாதம் முழுவதும் அங்கே சுற்றுலாக் கூட்டம் அலைமோதுகிறது. நம் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவர் வெள்ளிக் கொலுசுத் தொழில் பற்றி ஏதாவது வருமா என்று காத்திருக்க, சூனியக்காரி வேடத்துக்குத் தொப்பி எங்கே கிடைக்கும் என்ற தகவல் வந்து சேரும். இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. கேட்ட எழுத்துகள் இருந்தன, எடுத்துக் கொடுத்தது.

தமிழ் எழுத்தில் தேடினால் ஓரிகன் ஒழிந்துவிடும். வேறு தொல்லை வரும். நமக்குச் சேலம், சேலத்தில், சேலத்துக்கு, சேலத்திலிருந்து எல்லாம் ஒரே ஊர். எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை நான்கு வெவ்வேறு சொற்கள். ஏற்காடு என்பது ஏற்காட்டில் என்று ஆகும்போது நடுவில் ஒரு மெய்யெழுத்தே கூடிவிடுகிறது. வேற்றுமை உருபையும் சாரியையையும் கழித்து அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கத் தெரியாத திரட்டி, பாதிச் செய்திகளைத் தவறவிட்டுவிட்டு "புதிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்லும்.

இன்னும் உள்ளே போனால் ஒருங்குறியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் பொதுவாக எண் கொடுக்கும் முறை ஒருங்குறி. அதில் 'கொலுசு' என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாத மென்பொருள் இரண்டு கொலுசுகளையும் வேறு வேறாகவே நினைக்கும். ஒருங்குறிக்கு முன்பு நிலைமை இதைவிட மோசம்: தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவும் ஆளுக்கொரு குறியீடும் வைத்திருந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010 இல்தான். அந்தக் காலத்துப் பக்கங்களில் பல இன்றைய திரட்டிகளின் கண்ணில் படாமலே கிடக்கின்றன. பழைய உள்ளூர்ச் செய்தி இணையத்தில் கிடைக்கவில்லை என்றால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

காபி விலையில் ஒரு கணக்கு

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்திலிருந்து சேர்வராயன் மலையில் காபி விளைகிறது. பெரும்பாலும் அராபிகா வகை. இன்று ஒரு விவசாயி தொகுப்புச் செயலியில் காபி விலை பார்த்தால் என்ன தெரியும்?

அராபிகாவுக்கு உலகம் பார்க்கும் விலை நியூயார்க் சந்தையில், ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை அமெரிக்க சென்ட் என்று குறிக்கப்படுகிறது. ரொபஸ்டா என்ற இன்னொரு காபி வகைக்கு லண்டன் சந்தை. அங்கே ஒரு டன்னுக்கு இத்தனை டாலர். நம் ஊரில் தோட்டத்து விலை 50 கிலோ மூட்டைக்கு ரூபாயில். அலகை மாற்றுவது பெரிய காரியமல்ல, ஒரு பெருக்கல் வகுத்தலில் முடிந்துவிடும். ஆனால் பொருளே வேறு. நியூயார்க்கில் விலை பேசப்படுவது தோல் நீக்கிய பச்சைக் கொட்டைக்கு. நம் விவசாயி விற்பதோ மேலோடு நீக்காத பார்ச்மென்ட், இல்லையென்றால் பழத்தோடு உலர்த்திய செர்ரி. ஓட்டை எடுத்தால் எடை குறைந்துவிடும். ஆகவே இரண்டு விலைகளையும் நேருக்கு நேர் வைத்து "எங்களை ஏமாற்றுகிறார்கள்" என்று பொங்குவதும் தவறு; ஏமாற்றவே இல்லை என்று அதை வைத்தே அடித்துச் சொல்வதும் தவறு. போதாததற்கு நியூயார்க்கில் தெரிவது பின்னொரு மாதத்தில் ஒப்படைக்க வேண்டிய சரக்கின் விலை.

வேறு வேறு அலகிலும் பெயரிலும் வரும் தகவலை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் இந்த வேலைக்கு இயல்பாக்கம் என்று பெயர். ஒரு திரட்டி நல்லதா, வெறும் குவியலா என்பது பெரும்பாலும் இங்கே தெரிந்துவிடும். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எளிது. அவற்றை ஒப்பிடலாமா என்று சொல்ல, பொருள் தெரிந்த ஒரு மனிதர் எங்கோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

நகலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே செய்தி இருபது தளத்தில் வந்தால் இருபதையும் காட்டுவது அலுப்பு. எனவே திரட்டிகள் நகலை ஒதுக்குகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் வேலை எளிது. நடுவில் நாலு சொல்லை மாற்றியிருந்தால்? கட்டுரையைச் சில சில சொற்கள் கொண்ட சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். இரண்டு கட்டுரைகளுக்கு இடையே பெரும்பாலான துண்டுகள் பொருந்தினால் ஒன்று மற்றதன் நகல் என்று கொள்வார்கள். பொருந்தும் துண்டு குறைவு, ஆனால் ஊர், பெயர், நாள் ஒத்துப்போகிறது என்றால் ஒரே நிகழ்வைப் பற்றிய வெவ்வேறு செய்திகள் என்று ஒரே கட்டில் சேர்ப்பார்கள்.

இந்த முறைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பி.டி.ஐ. போன்ற செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே அறிக்கையைப் பத்து நாளிதழ்கள் வாங்கி, தங்கள் நடையில் திருத்திப் போட்டிருக்கலாம். சொற்கள் வேறாகிவிட்டதால் திரட்டி பத்தையும் தனித்தனியாகவே எண்ணும். ஒரு வாட்ஸ்ஆப் தகவலைப் பத்துப் பேர் தங்கள் சொற்களில் எழுதினாலும் அப்படித்தான். சொற்களின் ஒற்றுமையை இயந்திரம் அளக்கும். யார் யாரைக் கேட்டு எழுதினார் என்பது சொற்களில் இருக்காது.

இதுவரை: பிரிப்பதற்குள் பெயர் குழம்பலாம், அலகு குழம்பலாம், நகல் தனிச் சாட்சியாக வேடம் போடலாம்.

பழைய செய்தி, புதிய தேதி

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. அது அன்றைய செய்தி. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அதே பக்கத்தை யாரோ பகிர, தளத்தார் அதில் ஒரு விளம்பரத்தை மாற்ற, திரட்டி அதைப் புதிதாக வந்த பக்கம் என்று எடுத்துக்கொள்வதற்கு வாய்ப்பு உண்டு. நிகழ்ந்த நேரம், வெளியான நேரம், திரட்டப்பட்ட நேரம் என்று மூன்று நேரங்கள் இருக்கின்றன. "2 மணி நேரத்துக்கு முன்" என்று திரையில் தெரிவது இதில் எது என்று பெரும்பாலான திரட்டிகள் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், இவற்றில் நான் கண்ட பெரிய குறையே அதுதான்.

மழை அளவிலும் இதே குழப்பம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 2 ஆம் தேதிக் கணக்கில் வருவதில் பெரும்பகுதி 1 ஆம் தேதி பெய்த மழை. ஒரு தளம் அதை "நேற்று" என்றும் இன்னொன்று "இன்று" என்றும் எழுதினால், ஏற்காட்டில் இரண்டு நாளும் கொட்டித் தீர்த்ததுபோல் தோன்றும்.

முதலில் நிற்பது யார்?

மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சிக் காலத்தில் ஏற்காட்டில் அறை தேடியவர்களுக்குத் தெரியும்: ஐந்து தளங்களில் ஒரே விடுதி, ஒரே அறை, ஐந்து விலை. வரிசையில் முதலில் நிற்பது மலிவானது என்றோ சிறந்தது என்றோ பொருளில்லை. விளம்பரக் கட்டணமும் தரகு விகிதமும் அந்த வரிசையைப் பாதிக்கக்கூடும். செய்தித் திரட்டிகளில் புதுமை, தளத்தின் பெயர், நீங்கள் முன்பு எதைத் தொட்டீர்கள் என்பதெல்லாம் கணக்கில் சேரும். எந்த வரிசைக்கும் பின்னால் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. அகர வரிசைகூட முதலெழுத்து 'அ' உள்ளவருக்குச் சலுகைதான்.

பெயரே மறைந்துவிட்டால்

இப்போது புதிய வகை வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு பல பக்கங்களைப் படித்து ஒரே பத்தியாக எழுதித் தருகிறது. வசதிதான். பழைய திரட்டியில் பத்துத் தலைப்பாவது தனித்தனியாகத் தெரியும். இங்கே எல்லாம் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வருகிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுளின் இத்தகைய சுருக்கம் ஒன்று, பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டிக்கொள்ளப் பசை சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது. தேடிப் பார்த்தால், ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் யாரோ ஒருவர் 11 ஆண்டுகளுக்கு முன் விளையாட்டாக எழுதியது. எழுதியவர் யார், எந்தத் தொனியில் எழுதினார் என்பது கூடவே தெரிந்திருந்தால் படித்தவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சுருக்கத்துக்குக் கீழே இணைப்புகள் கொடுக்கிறார்கள். அவற்றில் ஒன்றையாவது திறந்து, சுருக்கம் சொன்னது அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

வீட்டில் செய்து பார்க்க

தகவல் முக்கியமானதாக இருந்தால், எத்தனை தளத்தில் வந்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இதை முதலில் பார்த்தவர் அல்லது அளந்தவர் யார் என்று கேளுங்கள். மழை என்றால் வானிலை ஆய்வு மையம். மலைப்பாதை மூடல் என்றால் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு. மூடியிருந்தால் குப்பனூர் வழியில் போகலாமா என்பதும் அங்கேதான் தெரியும். காபிக்குக் காபி வாரியம். செய்தியின் இரண்டாம் மூன்றாம் பத்தியில் "அதிகாரிகள் தெரிவித்தனர்" என்று பொதுவாக இல்லாமல் துறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பெயரும் இல்லாத பத்துச் செய்திகளைவிடப் பெயருள்ள ஒன்று பயன்படும்.

சொந்தமாக ஒரு திரட்டி வைத்துக்கொள்ளவும் முடியும். ஓடை படிக்கும் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. நீங்கள் நம்பும் தளங்களின் ஓடை முகவரியைச் சேர்த்தால் போதும், வரிசையை வேறு யாரும் தீர்மானிக்க மாட்டார்கள். மின்னஞ்சல் அறிவிப்புக்குச் சேலம் என்று மட்டும் கொடுக்காமல், 'சேலம் கொலுசு', 'சேலம் ஜவ்வரிசி', 'ஏற்காடு காபி' என்று இரண்டு சொல்லாகக் கொடுங்கள். 'சேலத்தில்', 'ஏற்காட்டில்' ஆகியவற்றையும் தனியே சேருங்கள். ஆங்கிலத்திலும் வேண்டுமென்றால் ஓரிகன், மாசசூசெட்ஸ் என்ற பெயர்களுக்கு முன் கழித்தல் குறி போட்டுவிடுங்கள். தொப்பிகள் வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.